மணல் தலையணை

தன் நாவலுக்காக அகழாய்வில் உதவ வந்திருந்த எழுத்தாளர் வேதவல்லி, குழிக்குள் உட்கார்ந்து முதுமக்கள் தாழிக்குள்ளிருந்த செம்மண்ணைத் தூரிகையால் விலக்கினாள். ஒரு குழந்தையின் மண்டையோடு தெரிந்தது. அதன் அடியில் மட்டும் யாரோ ஆற்றுமணலைத் தலையணையாகக் குவித்திருந்தார்கள். தன் நாவலில், பிள்ளையைப் புதைத்த தாயை ஒரே வரியில் வீட்டுக்கு அனுப்பிவிட்டது அவளை உறுத்தியது.

மழை பிடித்துக்கொண்டது. குழிக்கு மேல் கட்டியிருந்த தார்ப்பாயையும் மீறித் தண்ணீர் இறங்கியது.

"ஏறி வாங்கம்மா. நனைஞ்சா நாவல் வராது, காய்ச்சல்தான் வரும்," என்றார் மேலே நின்ற பொறுப்பாளர் அருமைநாயகம்.

"இந்தப் பிள்ளை?"

"படம் எடுத்தாச்சு. எலும்பு ஊறிப்போச்சு, எடுத்தா உதிர்ந்துடும். நம்ம கையில ஒண்ணுமில்லம்மா."

"கொஞ்சம் பொறு, சாமி," என்று அவள் வானத்தைப் பார்த்துக் கெஞ்சினாள். மழை வலுத்தது. மணல் கரைந்து, தலை ஒருபக்கமாகச் சாய்ந்தது. வேதவல்லி உள்ளங்கையைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டாள்.

எலும்பை வெறுங்கையால் தொடக்கூடாது என்று தினமும் சொல்கிற அருமைநாயகம், குடையை விரித்துக்கொண்டு குழிக்குள் இறங்கினார்.