தலைக்கட்டு வரி

ஒரு வாரமாக ஊரில் யாரும் அரங்கநாதனிடம் காசு வாங்கவில்லை.

டீக்கடைப் பழனி, நீட்டிய பத்து ரூபாய் கண்ணிலேயே படாத மாதிரி அடுத்த டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். சலூன்காரர் முடி வெட்டி, பவுடர் போட்டு, "நீங்க போய்ட்டு வாங்க சார்" என்று தோளைத் தட்டி அனுப்பினார். கீரைக்காரம்மா இரண்டு கட்டு கேட்டால் மூன்று கட்டைத் திணித்தாள். இவர் பர்ஸைத் திறப்பதற்குள் தெருமுனை தாண்டிவிட்டாள். அவளுக்கு முழங்கால் வலி வேறு.

படித்தவனுக்கு ஊர் கொடுக்கிற மரியாதை என்று நினைத்துக்கொண்டார் அரங்கநாதன்.

கச்சிராயபாளையத்துக்குப் பக்கத்தில் சொந்த ஊரில் மாடி வீடு கட்டி, அதில் உட்கார்ந்தபடியே பெங்களூர்க் கம்பெனிக்கு வேலை பார்க்கிறவர். மாதம் இரண்டரை லட்சம்.

சனிக்கிழமை காலை. சோபாவில் சாய்ந்து அந்த மரியாதையை அவர் அசைபோட்டுக்கொண்டிருந்தபோது, வீட்டு வேலை செய்யும் அமிர்தம் பாத்திரத்தைக் கழுவி முடித்து, முந்தானையில் கையைத் துடைத்தபடி ஹாலுக்கு வந்தாள்.

அவள் முந்தானையில் கை துடைத்தால் ஏதோ கேட்கப்போகிறாள் என்று அர்த்தம்.

என்ன கேட்பாள் என்பதும் அவருக்குத் தெரியும். மூவாயிரத்து ஐந்நூறு சம்பளத்தில் ஓர் ஆயிரம் கூட்டிக் கேட்பாள். மகள் கமலா கள்ளக்குறிச்சியில் நர்ஸுக்குப் படிக்கிறாள். திங்கட்கிழமைக்குள் பணம் கட்டாவிட்டால் காலேஜ் வேன் அவளுக்காக நிற்காது.

அவள் வாயைத் திறக்குமுன் தன் வாயைத் திறந்துவிடுவது என்பதை அரங்கநாதன் மூன்று மாதமாகப் பழக்கத்தில் வைத்திருந்தார்.

"என்னத்த சொல்றது அமிர்தம், பத்தாம் தேதியே கையில ஒண்ணும் இல்ல."

வீட்டுக் கடன். கார்க் கடன். சம்பளம் முகத்தைக் காட்டுமுன்பே அரசாங்கம் பிடித்துக்கொள்ளும் வருமான வரி. பையனுக்குக் கட்டிய பணத்தில் அந்தப் பள்ளிக்கூடத்தின் மாடிப்படியையாவது வாங்கியிருக்கலாம். நாய்க்கு அரிப்பு, அதற்குச் சேலத்தில் டாக்டர். டாக்டர் அறைக்கு ஏசி. அதற்கும் சேர்த்து பில்.

சொல்லச் சொல்ல அவருக்கே கண் கலங்கியது. நடிப்பு இல்லை. அவர் கண் கலங்கினால் கோமுகி அணையில் அரை அடி தண்ணீர் ஏறும். கல்வராயன் மலையில் மழை என்று அணைக்காரர்கள் தப்பாக எழுதிவைத்துவிடுவார்கள்.

அமிர்தம் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள்.

"தெரியும் சார். அதான் தெருவுல எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேன்."

"என்னன்னு?"

"நீங்க சொன்னதத்தான். சார் வூட்ல பத்து தேதிக்கு மேல ஒண்ணும் இல்லியாம், ரொம்ப கஷ்டப்பட்டுக்கினு இருக்காருன்னு. ஒரு வார்த்தை ஜாஸ்தி சொல்லல சார்."

பழனியின் டீ, சலூன்காரரின் தோள்தட்டல், கீரைக்காரம்மாவின் ஓட்டம் எல்லாம் அரங்கநாதனின் கண் முன்னால் வரிசையாக வந்து நின்றன.

பின்னாலேயே கோயிலும் வந்தது.

ஆடியில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்ற, ஒவ்வொரு குடும்பமும் தலைக்கட்டு வரி ஐந்நூறு கொடுக்க வேண்டும். கொடுத்தவர் பெயரை நேற்று சாயங்காலம் மைக்கில் வாசித்தார்கள். இவர் பெயர் வரவில்லை. வரி கேட்டும் யாரும் வரவில்லை. தன்னிடம் பெரிய தொகையாகத் தனியே வாங்க வருவார்கள் என்று இருந்துவிட்டார்.

"கோயில் வரி?" என்றார்.

"அத நீக்கிட்டாங்க சார். இந்த வருசம் வரி இல்லாத தலைக்கட்டு ரெண்டு. ஒண்ணு இருசம்மா. இன்னொண்ணு நீங்க. ஊர்க்கூட்டத்துல இருசம்மாதான் எழுந்து உங்களுக்காகப் பேசுச்சு."

இருசம்மாளுக்கு யாரும் இல்லை. அரசாங்கம் தரும் உதவித்தொகையில் காலம் தள்ளுகிறவள். அந்தப் பட்டியலில் பத்தொன்பது வருடம் தனியாகவே இருந்தவளுக்கு, ஒருவழியாகத் துணை கிடைத்திருக்கிறது.

"அப்ப என் ஐந்நூறு?"

"சாமி காரியத்துல கம்மி வரலாமா? நாங்க பத்து வூட்டுக்காரங்க ஆளுக்கு அம்பது போட்டுட்டோம்."

அதில் அமிர்தத்தின் ஐம்பதும் இருந்தது.

அரங்கநாதன் எழுந்தார். உட்கார்ந்தார். போனை எடுத்து பேங்க் கணக்கைத் திறந்து அவள் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"இங்க பாரு. நான் நல்லாத்தான் இருக்கேன்."

"போனு இன்னா வேணா காட்டும் சார்," என்றாள் அமிர்தம், ஆறுதலாக.

அவருக்கு வேறு வழி தெரியவில்லை. பெங்களூரில் வாடகைக்கு விட்ட ஃப்ளாட்டைச் சொன்னார். உளுந்தூர்பேட்டை ரோட்டில் வாங்கிப்போட்ட மனையைச் சொன்னார். லாக்கரில் இருக்கும் நகையைப் பவுன் கணக்கில் சொன்னார். கடைசியில், மனைவியிடம்கூடச் சொல்லாத ஃபிக்ஸட் டெபாசிட் ரசீதை அலமாரியின் அடித்தட்டிலிருந்து எடுத்துவந்து காட்டினார். இன்கம்டாக்ஸ்காரர்கள் வந்திருந்தால்கூட அவ்வளவு ஒத்துழைத்திருக்க மாட்டார்.

அமிர்தம் ஒவ்வொன்றுக்கும் "அப்டியா சார்" என்றாள்.

"இந்த மாசத்துலேர்ந்து உனக்கு ஆயிரம் ஏத்தித் தரேன் அமிர்தம். தெருவுல போயி சொல்லு, சாருக்கு ஒரு கஷ்டமும் இல்லன்னு. இன்னிக்கே சொல்லு."

அமிர்தம் முந்தானையில் மறுபடியும் கையைத் துடைத்தாள். கை எப்போதோ காய்ந்திருந்தது.

"ஆயிரம்னா தெருவுல நம்ப மாட்டாங்க சார்," என்றாள். "ரெண்டாயிரம்னா நம்புவாங்க."