செர்ரித் தட்டு

"அந்தப் படத்தை எப்படியாவது நம்ம வீட்டுக்குக் கொண்டு வந்துடு, லீவன்."

"நல்லாயிருக்கே! கேட்டா கழட்டிக் கையில குடுத்துடுவாங்களா?"

"கேக்கறதுக்கு முதல்ல உனக்கு வாய் வரணுமே. கல்யாணம் பண்ணிக்கலாமான்னுகூட நான்தானே கேட்டேன்!"

மார்லீன் இறப்பதற்கு இரண்டு நாள் முன்பு, ஆஸ்பத்திரிக் கட்டிலில் நடந்த பேச்சு அது. சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். லீவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

அதன்பின் ஆறு வருடம் ஓடிவிட்டது. மெக்கலென் நகரத்தின் ஒரு சின்ன அருங்காட்சியகத்தில் லீவன் காவலாளி. மார்லீன் அங்கேயே பழைய படங்களைச் சுத்தம் செய்து பழுது பார்த்தவள்.

நானூறு வருடத்துக்கு முந்தைய ஸ்ட்ரூபர் குடும்பத்து ஓவியர்களின் கண்காட்சி நேற்றோடு முடிந்திருந்தது. வேடிக்கையான குடும்பம். தட்டை அப்பா வரைவார், இலைகளை மகன்கள், பழங்களை மகள். கையெழுத்து மட்டும் எப்போதும் அப்பாவுடையது. ஆனால் மார்லீன் கேட்ட 'செர்ரித் தட்டு' படம் முழுக்க முழுக்க அப்பாவின் கைவண்ணம் என்று இயக்குநர் ஆனலீஸ் நாற்பது பக்கம் எழுதியிருந்தார். அந்தப் பழங்களின் மினுமினுப்பு இன்னொருவருக்குக் கைவராது என்பது அவர் கட்சி.

நாளை படங்கள் எல்லாம் ஜப்பானுக்குப் போகின்றன. திரும்பி வர இரண்டு வருடம் ஆகும். லீவனோ இந்த மாதத்தோடு ஓய்வு பெறுகிறார். இன்றைக்கு விட்டால் பிறகு கிடையாது.

திங்கட்கிழமை என்பதால் பார்வையாளர்கள் இல்லை. பெட்டி கட்ட வந்தவர்கள் மதியம் உருளைக்கிழங்கு வறுவல் வாங்க முனைக்கடைக்குப் போனார்கள். லீவன் எச்சரிக்கை மணியை அணைத்தார். துணிப்பையை ஸ்டூல் மேல் வைத்துவிட்டு, சுவரில் இருந்த படத்தின் சட்டத்தில் கை வைத்தார்.

"லீவன்!"

வாசலில் ஆனலீஸ், கையில் வறுவல் பொட்டலத்தோடு.

பைக்குள்ளிருந்து ஒரு மரப்பலகை எட்டிப் பார்த்தது. அதிலும் அதே தட்டு, அதே செர்ரி.

"அடப்பாவி மனுஷா! போலிய மாட்டிட்டு அசலைத் தூக்கப் பாத்தீங்களா? முப்பது வருஷமா உங்க கையில சாவியைக் குடுத்துட்டு நிம்மதியா தூங்கினோமே!"

"மேடம், அது வந்து..."

"பேசாதீங்க!" ஆனலீஸ் பலகையைப் பிடுங்கி ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினார். "அதுலயும் லட்சணமா ஒரு போலி பண்ணத் தெரியலையே. இது செர்ரியா, கோலிக்குண்டா? சின்னக் குழந்தைகூட ஏமாறாது. நான் போலீஸைக் கூப்பிடறேன்."

"கூப்பிடுங்க மேடம்." லீவனின் முகம் காதுவரை சிவந்திருந்தது. "அதுக்கு முன்னால உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். ஆறு வருஷமா கேக்க வாய் வரலை."

"என்னவாம்?"

"இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால இந்தப் படம் சுத்தம் பண்ண வந்தப்போ, மார்லீன் எங்கிட்ட ஒரு பந்தயம் கட்டினா. ஒரே வாரத்துல கண்டுபிடிச்சிடுவாங்கன்னு நான் சொன்னேன். மாட்டாங்கன்னு அவ. வாரம் வருஷமாச்சு. அப்புறம் வெளிய சொல்ல ரெண்டு பேருக்கும் பயம்."

ஆனலீஸின் கையிலிருந்த பொட்டலம் மெல்லச் சாய்ந்தது.

"உங்க கையில இருக்கறதுதான் மேடம் அசல், நீங்களே வச்சுக்கங்க, சுவத்துல தொங்கறது என் பொண்டாட்டி வரைஞ்சது, அதை மட்டும் எனக்குக் குடுத்துடுங்க."