செர்ரிக்குப் பதில்

“உதட்டுல என்னடி, சாயமா?” பக்கத்து வீட்டு ஒதார்கா கேட்டதும், மோத்ரியா மாவுக் கையாலேயே வாயைத் துடைத்துக்கொண்டாள்.

“செர்ரிச் சாறு. இனிப்புப் பத்துமான்னு பார்த்தேன்.”

“பார்ப்ப, பார்ப்ப. பனாஸ் ரொட்டியும் கையுமா பொண்ணு கேட்டுல்ல வந்து உட்கார்ந்திருக்காரு. அம்பத்திரண்டு வயசுல உனக்கு யோகம்தான்.”

“மெதுவாப் பேசேன், கேட்டுடப் போகுது.”

மோத்ரியாவுக்குக் காது மடல் எரிந்தது. கணவன் போய் ஒன்பது வருஷம். மூன்று வருஷமாக, தேனீ வளர்க்கும் பனாஸ் வேலியோரம் நின்று பேசிவிட்டுப் போகும் நாளுக்காக அவள் தலை வாரிக்கொண்டு காத்திருந்தாள். வெளியே சொன்னால் வெட்கக்கேடு.

மடித்து ஓரம் அழுத்திய வரேனிக்கிக் கொழுக்கட்டைகளைக் கொதிநீரில் போட்டாள். மிதந்ததும் வடித்து, வெண்ணெய் விட்டுக் குலுக்கிக் கூடத்துக்கு எடுத்துப் போனாள்.

பனாஸ் துண்டில் சுற்றிய ரொட்டியை மேசைமேல் வைத்திருந்தார். காரோட்டி வந்த அவர் மகன் தெமியன், உள்ளே வரக் கூச்சப்பட்டு வண்டியிலேயே இருந்துவிட்டான்.

“ஒலேஸ்யா வந்துடட்டும். அவ இல்லாம இதைப் பேசறது முறையில்ல,” என்றார் பனாஸ்.

அவள் மகளின் சம்மதத்தைக்கூட நினைக்கிற மனுஷன். மோத்ரியா உருகிப்போனாள்.

“பஸ் வர்ற நேரந்தான். ஆறிடும், சாப்பிடுங்க.”

அவர் ஒன்றைக் கடித்தார். மெல்லுவது நின்றது. இரண்டாவதை முள்கரண்டியால் பிளந்து பார்த்தார். முகம் கழுத்துவரை சிவந்தது.

“மன்னிச்சுக்கங்க. தெரியாம வந்துட்டேன்,” என்று ரொட்டியை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டு வெளியேறினார்.

மோத்ரியா தட்டைப் பார்த்தாள். உள்ளே மஞ்சள். செர்ரி தீர்ந்ததும், மிஞ்சின மாவில் தனக்கென்று பூசணி அடைத்து வைத்த ஈடு.

“பூசணியையா வச்ச, பாவி?” ஒதார்கா தலையில் அடித்துக்கொண்டாள். “பொண்ணு கேட்டு வந்தவருக்குப் பூசணியைக் கொடுத்தா, போயிட்டு வான்னு அர்த்தம். ஊருக்கே தெரியுமே.”

மோத்ரியா இடுப்பில் கட்டிய சமையல் துணியோடு, மாவுக் கையோடு தெருவுக்கு ஓடினாள். ரொட்டிக் கடை வரிசையில் நின்ற பெண்கள் மொத்தமாகத் திரும்பினார்கள். கூசியது. ஆனால் கார்க்கதவில் அவர் கை வைத்துவிட்டார்.

“பனாஸ், நில்லுங்க. ஈடு மாறிப்போச்சு. அது என் பதில் இல்ல.”

“பின்ன?”

“சம்மதம். உங்களைக் கட்டிக்க எனக்கு முழுச் சம்மதம். மூணு வருஷமா இதுக்குத்தானே காத்திருந்தேன்.”

வண்டிக்குள் தெமியன் தலையைக் குனிந்துகொண்டான். பனாஸ் தொப்பியைக் கழற்றினார். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் அதையே பார்த்தார்.

“நாங்க தெமியனுக்கு ஒலேஸ்யாவைக் கேட்டு வந்தோம், சம்பந்தியம்மா.”