உலக்கைத் தாளம்

"இன்னிக்கு பஸ்கா விருந்துக்கு, கப்பல்ல வந்திருக்கிற பிடில்காரனைக் கூப்பிடட்டுமா அக்கா?" என்றான் யாக்கோபு.

"வேண்டாம். அம்மா பாட்டுக்கு எப்பவும் உலக்கைதான் தாளம். அதை மாத்தக் கூடாது," என்றாள் ரெபேக்கா.

போர்ச்சுக்கீசியப் பறங்கியர் ஆண்ட சாந்தோமில் அம்மாவை அடக்கம் செய்துவிட்டு, யார் எந்த மதம் என்று கேட்காத ஒல்லாந்தரின் கோட்டை இருக்கும் பழவேற்காட்டுக்கு அவர்கள் வந்து ஆறு மாதம் ஆகிறது. அந்த யூதக் குடும்பத்துக்கு இங்கே இதுதான் முதல் பண்டிகை.

சாந்தோம் வீட்டில் இருபது வருடம் வேலை செய்த தேசம்மா பழவேற்காட்டை அடுத்த கோட்டைக்குப்பத்துக்காரி. ஆள் அனுப்பியதும் வந்துவிட்டாள். ரெபேக்கா அவளிடம் உலக்கையை நீட்டினாள்.

"அம்மா உள்ளே பாடி முடிக்கிற வரைக்கும் வாசல்ல இடிப்பியே, அதே மாதிரி இடி தேசம்மா."

தேசம்மா உலக்கையை வாங்கிச் சுவரில் சாய்த்துவைத்தாள்.

"அது தாளம் இல்ல பாப்பா. வெறும் உரலைத்தான் இடிச்சேன்."

"எதுக்கு?"

"நீங்க யூதருங்கன்னு தெரிஞ்சா பறங்கிங்க புடிச்சினு பூடுவாங்க. பாட்டு தெருவுக்குக் கேக்கக் கூடாதுன்னு அம்மாதான் இடிக்கச் சொன்னாங்க. சின்னப் பிள்ளைங்க பயந்துடுவீங்கன்னு உங்ககிட்ட தாளம்னு சொல்லி வச்சாங்க."

யாக்கோபு உலக்கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அம்மா இன்னா பாடுனாங்கன்னு எனக்கே தெரியாது பாப்பா. இடிக்கிற சத்தத்துல ஒரு நாளும் என் காதுல விழுந்ததில்ல."

ரெபேக்கா அவளை உள்ளே அழைத்து உட்காரவைத்தாள். பிறகு தெருக்கதவை விரியத் திறந்துவைத்துவிட்டுப் பாட ஆரம்பித்தாள்.