இன்னும் ஒரு முழம்

"சத்தியமாச் சொல்றேன் மேஸ்திரி, இதுல ஒரு வார்த்தை பொய் கிடையாது. இதே மாதிரி மண்ணுல ஒருத்தன் வீடு கட்டினான். ராத்திரி சொந்தத் தெருவுல படுத்தவன், காலைல அடுத்த தெருவுல எந்திரிச்சான். வீடே நகர்ந்து போயிருக்கு! தபால்காரன்தான் பாவம், தேடித் தேடி அலைஞ்சான்."

சத்தியத்துக்காகப் பெரியவர் தன் தலையில் கை வைக்கப் போனார். கை நிறைய மண் இருந்ததால் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

கழுத்தளவுக் குழிக்குள் நின்ற மேஸ்திரிக்குச் சிரிக்கவும் தெம்பில்லை. இந்த மனையில் கடைக்கால் தோண்டுவது இது மூன்றாவது வருஷம். முதல் வருஷம் முழங்கால் ஆழம். "இன்னும் ஒரு முழம் போய்ப் பாரு" என்றார் பெரியவர். அதற்குள் மழை வந்து குழியை மூடிவிட்டது. போன வருஷம் இடுப்பு ஆழம். அப்போதும் "இன்னும் ஒரு முழம்", அப்போதும் மழை. இந்த வருஷம் கழுத்துக்கு வந்தாயிற்று.

"ஐயா, இதைக் கேளுங்க." மேஸ்திரி கடப்பாரையைத் தூக்கிப் போட்டார். 'ணங்'கென்று துள்ளி விழுந்தது. "சரளை மண்ணு. முனையே மழுங்கிப்போச்சு. இன்னும் தோண்டினா வீடு வராது, தண்ணிதான் வரும்."

"மேல கெட்டியாத்தான் இருக்கும். மண்ணும் மனுஷன் மாதிரிதான் மேஸ்திரி. அடியில என்ன வச்சிருக்குன்னு யாருக்குத் தெரியும்?"

பெரியவர் ஒரு பாட்டிலில் அந்த மண்ணைப் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் குலுக்கினார். வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். முகர்ந்தார். உதட்டைப் பிதுக்கினார்.

செங்கல் அடுக்கின்மேல் உட்கார்ந்திருந்த அம்மாள் பெருமூச்சு விட்டாள். "என்னங்க, இந்தத் தடவையும் இல்லையா?"

"அவசரப்படாதம்மா. இப்ப இருக்கற வீட்டுக்கு என்ன குறை?"

"என்ன குறையா? மழை பெஞ்சா அடுப்பு மேலயே ஒழுகுது. ஒரு கையில கரண்டி, ஒரு கையில குடை. வருஷக்கணக்காச் சொல்றேன், காதுல வாங்கினீங்களா?"

"பண்ணிடலாம்மா."

"குழாய் சொட்டுது. கதவைச் சாத்தினா திறக்க மாட்டேங்குது, திறந்தா சாத்த மாட்டேங்குது. எதைச் சொன்னாலும் பண்ணிடலாம், பண்ணிடலாம்! வாய்க்கு மட்டும் ஒழுகலே கிடையாது."

மேஸ்திரி குனிந்துகொண்டார். வீட்டுக்கு வீடு வாசப்படி. அவர் வீட்டிலும் குழாய் சொட்டுகிறது. இந்த ஜோடிக்கு வயசு வித்தியாசம்தான் கொஞ்சம் கூடுதல். நமக்கெதற்கு?

முதல் நாளே அந்த அம்மாள் சொல்லிவிட்டாள்: "எங்க வீட்டுக்காரர் மண் பரிசோதனை ஆபீசுல இருந்தவர். அவர் பார்த்துச் சரின்னா போதும்." மேஸ்திரிக்கும் தொழிலில் ஒரு கொள்கை உண்டு. வீட்டுக்காரர் மனசாரத் தலையாட்டாமல் கடைக்காலில் காங்கிரீட் கொட்டமாட்டார். ஒரு தடவை கொட்டியிருக்கிறார். வீடு நின்றது, குடும்பம் நிற்கவில்லை.

தெருமுனையில் காங்கிரீட் லாரி வயிற்றை உருட்டிக்கொண்டு நின்றது. இந்தத் தடவை ஆனது ஆகட்டும் என்று அம்மாளே வரவழைத்த லாரி. டிரைவர் இறங்கி வந்தார்.

"மேஸ்திரி, கொட்டவா, கிளம்பவா? உள்ளேயே இறுகிப்போச்சுன்னா அப்புறம் லாரிக்குத்தான் நீங்க ஜன்னல் வைக்கணும்."

மேஸ்திரி பெரியவரைப் பார்த்தார். பெரியவர் பாட்டிலைப் பார்த்தார்.

"இன்னும் ஒரு முழம்."

"போதும்," என்றாள் அம்மாள். குரலில் கோபம்கூட இல்லை. "எனக்கு அலுத்துப்போச்சு. சொந்த வீடுங்கறது என் தலையில எழுதல. குழியை மூடிடுங்க மேஸ்திரி. அந்தக் குடையே எனக்குப் போதும்."

பெரியவர் ஆறுதலாகத் தலையை ஆட்டினார். லாரி திரும்ப ஆரம்பித்தது.

அப்போது சைக்கிளில் ஒருவர் வந்து இறங்கினார். கண்ணெல்லாம் சிவப்பு. கையில் காலி டிபன் பாக்ஸ்.

"லாரி ஏன் திரும்பிப் போகுது?"

"வீட்டுக்காரர் சரின்னு சொல்லல," என்றார் மேஸ்திரி சலிப்போடு. "அதைக் கேக்க நீங்க யாரு?"

"என் புருஷன்," என்றாள் அம்மாள். "எப்பவும் ராத்திரி ஷிஃப்ட். பகல்ல அடிச்சுப்போட்ட மாதிரி தூங்குவார். அதான் நீங்க பார்த்ததில்ல."

மேஸ்திரியின் கையிலிருந்து கடப்பாரை நழுவியது. ணங்.

"அப்ப இவரு? வீட்டுக்காரர்னு சொன்னீங்களேம்மா!"

"ஆமா, வீட்டுக்காரர்தான்..." சொல்லிக்கொண்டே அம்மாள் மெல்லப் பெரியவர் பக்கம் திரும்பினாள். "நாங்க வாடகைக்கு இருக்கற வீட்டுக்கு."