மூச்சு விடாத மனுஷன்

"உங்க வீட்டுக்காரர் மூச்சே விடறதில்லம்மா" என்றாள் பிசியோதெரபிஸ்ட் ஷோபா.

ரூபாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பக்கத்தில் வேதாச்சலம் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு உயிரோடுதான் உட்கார்ந்திருந்தார். என்ன, இடது தோள் மட்டும் காதைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஹேங்கரில் பாதி நழுவிய சட்டை மாதிரி ஆள் மொத்தமும் ஒரு கோணல்.

"ஊபிரி, அதான் மூச்சு, வயித்துலேர்ந்து வரணும். இவர் அடக்கி அடக்கி மேல் நெஞ்சால இழுக்கறார். அப்போ கழுத்தும் தோளும்தான் அந்த வேலையைப் பார்க்கணும். வலிக்காம இன்னா பண்ணும்? எதுக்கு வேதாச்சலம்காரு மூச்சை அடக்கறீங்க?"

"பழக்கம்" என்றார் அவர், ஜன்னலைப் பார்த்து.

மல்லாந்து படுத்து, வயிற்றின் மேல் கனமாக எதையாவது வைத்து, அது ஏறி இறங்கும்படி மூச்சு விடச் சொல்லி அனுப்பினாள் ஷோபா.

புத்தூர் வீட்டுக்கு வந்ததும் ரூபா துவரம்பருப்பு பாக்கெட்டை எடுத்து அவர் வயிற்றில் வைத்தாள். சனிக்கிழமை அது அசையவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்துக்குள் அலையில் படகு மாதிரி ஆடியது. தோள் இறங்கிவிட்டது. கழுத்து நேராகிவிட்டது.

திங்கட்கிழமை வேலைக்குப் போய் வந்தார். தோள் மறுபடியும் காதுகிட்டே!

அடுத்த வாரமும் அதே கூத்து.

ரூபா ரேணிகுண்டாவில் அவர் வேலை பார்க்கும் டைல்ஸ் கடைக்கு போன் போட்டாள்.

"இங்க ஒண்ணும் ஆவல அண்ணி. காலைல வரும்போதே கோணிக்கினுதான் வரார்" என்றான் கடைப் பையன்.

வீட்டிலிருந்து கிளம்பும்போது நேராக இருக்கிற மனுஷன் கடைக்குக் கோணலாகப் போய்ச் சேர்கிறார். அப்படியென்றால் வில்லங்கம் பஸ்ஸில்!

மறுநாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, அவருக்குத் தெரியாமல் அதே பஸ்ஸில் ஏறினாள் ரூபா. பொம்பளைகளுக்குத்தான் பஸ் இலவசமாச்சே. புருஷனை வேவு பார்க்கப் பைசா செலவில்லை.

ஏறி, எட்டிப் பார்த்தாள். பகீரென்றது.

வேதாச்சலத்தின் இடது தோளில், மெரூன் சால்வை போர்த்திய ஒரு தலை!

அவரோ கோயில் நந்தி மாதிரி உட்கார்ந்திருந்தார். மூக்கின் மேல் ஈ உட்கார்ந்தது. ஓட்டவில்லை. கண்டக்டர் டிக்கெட் கேட்டார். இவர் கண்ணாலேயே சட்டைப் பையைக் காட்டினார். ஸ்பீடு பிரேக்கர் வரும்போதெல்லாம் மூச்சை இழுத்துப் பிடித்துத் தோளை உயர்த்தி, அந்தத் தலை குலுங்காமல் தாங்கினார்.

ரூபாவுக்கு ரத்தம் கொதித்தது. கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னே போனாள்.

"இன்னாங்க! யாரு இவ?"

வேதாச்சலம் விரலை உதட்டில் வைத்தார். "உஷ்ஷ்..."

"இன்னா உஷ்ஷு?" சால்வையை வெடுக்கென்று விலக்கினாள்.

கிஷோர்! அவளுடைய சொந்தத் தம்பி. ஸ்ரீசிட்டி ஃபேக்டரியில் நைட் ஷிப்ட் முடித்து, சத்தியவேட்டில் பஸ் ஏறித் திருப்பதி வீட்டுக்குப் போகிறவன். தன் கல்யாணத்தில் குடும்ப போட்டோ எடுக்கும்போது அக்கா புருஷனைக் கூப்பிட மறந்தவன்.

"என் மூஞ்சி வேணாம், என் மொய் மட்டும் வேணுமா?" என்று இவர் கத்த, "திருப்பி வாங்கிக்கினு போங்க மாமா!" என்று அவன் கத்த, அன்றோடு பேச்சு அறுந்தது. அதற்கப்புறம் ஒரு தீபாவளிக்குக்கூட ரூபா தம்பி வீட்டு வாசலை மிதித்ததில்லை.

"அன்னிக்கு இந்த ஒரு சீட்டுதான் காலியா இருந்துச்சு" என்று கிசுகிசுத்தார் வேதாச்சலம். "உக்காந்ததும் சாஞ்சுட்டான். அப்புறம் தெனமும் இதே சீட்டு காலியா இருக்குது. தெனமும் சாயறான்."

"அதுக்கு மூச்சை ஏன் அடக்கறீங்க?"

"மூச்சு விட்டா தோள் ஆடுது. ஆடினா முழிச்சுக்குவான். ரோஷக்காரன். என்னைப் பார்த்தா எழுந்துபோயி நின்னுக்கினே வருவான். ராத்திரியெல்லாம் கண் முழிச்ச புள்ள... பாவம்."

ரூபா சால்வையை மெல்லத் திரும்பப் போர்த்திவிடக் குனிந்தாள்.

"அக்கா" என்றான் கிஷோர், கண்ணைத் திறக்காமலே. "மாமாவை முதல்ல மூச்சு விடச் சொல்லு. சத்தியவேட்டுலேர்ந்து எத்தினி பேருகிட்ட சண்டை போட்டு அவருக்கு இந்த சீட்டைப் புடிச்சுக்கினு வரேன் தெரியுமா?"