ஒரு சின்ன டவுட்

"ஹேமா, ஒரு சின்ன டவுட்."

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு உதயா சமையலறைக்குள் வந்து நின்றான். ஹேமாவதி பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில், கறிவேப்பிலை வாங்க வந்த மாடி வீட்டு ஜான்சி.

"இன்னைக்கு என்ன?" தலையைத் தூக்காமலே கேட்டாள் ஹேமா.

"சிங்கிள்டன். ஆபீஸ் புரோகிராம்ல இந்த கிளாஸ்லேர்ந்து ஒரே ஒரு ஆப்ஜெக்ட்தான் உருவாகணும். யார் வந்து கேட்டாலும் அதையேதான் கொடுக்கணும். ஆனா ரெண்டு உருவாகுது."

"கன்ஸ்ட்ரக்டரை பிரைவேட் ஆக்கினீங்களா? இல்ல, ஆளாளுக்கு வெளியிலேர்ந்து புதுசு புதுசா செஞ்சுக்கிறாங்களா?"

"அதெல்லாம் ஆக்கிட்டேன். அப்படியும் எப்பவாவது ரெண்டு வந்துடுது."

ஹேமா கத்தியை வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தாள். பார்த்ததுமே சிரிப்பு வந்துவிட்டது.

"நேத்து நம்ம வீட்டுக்கு எப்படி ரெண்டு பாக்கெட் பால் வந்துச்சு?"

"நான் ஒண்ணு வாங்கிட்டு வந்தேன். நீயும் ஒண்ணு வாங்கிட்டே."

"ஏன்? காலையில ரெண்டு பேருமே ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்தோம், பால் இல்ல. ஒருத்தருக்கு ஒருத்தர் சொல்லிக்கல. ஆளுக்கொண்ணு வாங்கிட்டோம். இங்கேயும் அதேதான். ரெண்டு வேலையாள் மாதிரி ரெண்டு திரெட் ஒரே நேரத்துல உள்ளே வருது. ரெண்டும் பார்க்கிறப்போ ஆப்ஜெக்ட் இல்ல, ஆளுக்கொண்ணு செஞ்சுடுது. முதல்ல வர்றவன் கதவைப் பூட்டிக்கணும். பூட்டினப்புறம் இன்னொரு தடவை பார்க்கணும். அப்பவும் இல்லேன்னாதான் செய்யணும்."

"அட, இவ்வளவுதானா!" உதயா தலையில் தட்டிக்கொண்டு போய்விட்டான்.

ஜான்சிக்குத் தாங்கவில்லை. "இன்னாக்கா இது? சம்பளம் அண்ணனுக்கு, வேலை உனக்கா? நல்லா கீதே நாயம்!"

"தினமும் இந்தக் கூத்துதான் ஜான்சி. இத்தனை வருஷமா அந்த கம்பெனியில என்னதான் கிழிக்கிறாரோ! அடிப்படையே தெரியல."

"பேசாம நீயே ஆபீஸ் போயேன். பேரு, காசு எல்லாம் உனக்கே வரும்."

ஹேமா மறுபடி கத்தியை எடுத்துக்கொண்டாள். போகத்தான் ஆசை. மகள் பிறந்தபோது விட்ட ஐ.டி. வேலை அது. தினமும் காலையில் அவளைப் பள்ளி வேனில் ஏற்றிவிட்டுத் திரும்பும்போது, கழுத்தில் ஐ.டி. கார்டும் தோளில் சாப்பாட்டுப் பையுமாக சானடோரியம் ஸ்டேஷனுக்கு ஓடுகிற பெண்களைப் பார்ப்பாள். அந்த ஓட்டத்துக்காக மனசு கிடந்து அடித்துக்கொள்ளும். ரயில் போன பிறகும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் வீட்டுக்கு வருவாள்.

ஆரம்பத்தில் உதயா புத்தகமெல்லாம் வாங்கிக் கொடுத்துப் பார்த்தான். "எல்லாம் மறந்துபோச்சு. இனிமே என்னை யாரு எடுப்பாங்க?" என்று அவள் அழுததுதான் மிச்சம். பிறகு அவனும் அந்தப் பேச்சை விட்டுவிட்டான்.

ஆனால் ஜான்சி சொன்னது சுருக்கென்று தைத்தது. அவருக்குச் செய்து கொடுக்கிறதை எனக்காகச் செய்தால் என்ன? உதயாவிடம் மூச்சுவிடாமல் பெருங்களத்தூரில் ஒரு கம்பெனிக்கு விண்ணப்பித்தாள். கிடைக்காவிட்டால் யாருக்கும் தெரியாமல் போகட்டும் என்றுதான். அவர்களும் கூப்பிட்டுவிட்டார்கள்.

இன்டர்வியூ எடுத்த சின்மயி, ஹேமாவைவிட வயதில் சின்னவள். கேட்ட கேள்விகளில் சிங்கிள்டனும் இருந்தது. ஹேமா பால் பாக்கெட்டிலிருந்து ஆரம்பித்து, பலகையில் புரோகிராமையே எழுதிக் காட்டிவிட்டாள்.

"இவ்வளவு வருஷம் கேப். ஆனா டச் விட்டுப்போகவே இல்லையே மேடம், எப்படி?"

"எல்லாம் எங்க வீட்டுக்காரர் புண்ணியம்." இத்தனை நாள் அடக்கிவைத்திருந்தது வாயில் வந்துவிட்டது. "அவரும் ஐ.டி.தான். ஆனா ஒண்ணும் தெரியாது. தினம் ஒரு டவுட்டைத் தூக்கிக்கிட்டு வருவார். அவருக்குச் சொல்லிக்கொடுத்துச் சொல்லிக்கொடுத்தே எனக்கு மறக்கல."

சின்மயி சிரித்தாள். "சார் பேரு என்ன? எந்த கம்பெனி?"

ஹேமா சொன்னாள்.

சின்மயியின் சிரிப்பு நின்றுவிட்டது. பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஹேமாவையே பார்த்தாள். பிறகு தணிந்த குரலில் ஏதோ சொன்னாள்.

"கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?" என்றாள் ஹேமா.

திரும்பும்போது ரயிலில் இடம் இருந்தும் உட்காரத் தோன்றவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடி, உதயா இதுவரை கேட்ட டவுட்டுகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

வீட்டில் அவன் லேப்டாப்போடு சமையலறை வாசலிலேயே காத்திருந்தான்.

"எங்கே போயிட்டே? ஹேமா, ஒரு சின்ன டவு..."

"எனக்கு வேலை கிடைச்சிருக்குங்க. ஒண்ணாம் தேதி சேரணும்."

லேப்டாப்பை அடுப்பு மேடையில் வைத்துவிட்டு அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான் உதயா. அவன் முகமெல்லாம் சிரிப்பு. கொஞ்சம் பொறுத்து, பழையபடி முகத்தை அப்பாவி மாதிரி வைத்துக்கொண்டான்.

"அது சரி. இனிமே எனக்கு டவுட் வந்தா நான் யார்கிட்ட போய் கேட்கிறது?"

"சின்மயிகிட்ட கேளுங்க. என்னை இன்டர்வியூ எடுத்த பொண்ணு." ஹேமாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. "அவ உங்க கம்பெனியில புதுசா வேலைக்குச் சேர்ந்தப்போ, அவளுக்கு சிங்கிள்டன் சொல்லிக்கொடுத்ததே நீங்கதானாமே!"